மல்லிக்கு ஓர் ஆணி

அந்தச் சோதனைக்கூடத்துக் கதவின் வெளிப்பக்கத்தில், என் தலை உயரத்தில் ஓர் ஆணி இருந்தது. எனக்காக மேடம் தன் கையால் அடித்தது.

எர்ணாவூரில் காற்றைச் சோதிக்கும் இடம் அது. பெருக்கித் துடைப்பதும் குடுவை கழுவுவதும் என் வேலை. உள்ளே ஓர் அறை அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் பை. அதில் சுத்தமான காற்றை நிரப்பி, வண்டிப் புகையில் இருக்கும் வாயுக்களையும் ஓசோனையும் கொஞ்சம் விட்டு, வெயில் மாதிரி விளக்குப் போடுவார்கள். வாயு என்னவாக மாறுகிறது என்று மெல்லிய குழாய் வழியே ஒரு மெஷின் பார்க்கும். புதிதாகப் பிறக்கும் தூசியை வெள்ளை வட்டத்தாளில் பிடித்து எடை போடுவார்கள். இந்தச் சோதனைகளை நடத்தும் மேடம் ராயபுரத்துப் பெண். வேலைக்குப் பவுடர்கூடப் போடாமல் வருவார்.

"பூவ வெளிய வச்சிட்டு வாக்கா. வாசனையும் வாயுதான். ஓசோன் பட்டா அதுவும் தூசாயிடும்" என்றார்.

"என் வூட்டுக்காரரு உசுரோட கீறாரு மேடம். வாசல்ல பூவ அவுக்க நான் இன்னா தாலியறுத்தவளா?" என்றேன்.

மறுநாள் கொண்டைக்குள் ஒரு துண்டு மல்லியை ஒளித்துக்கொண்டு பைக்குள் இறங்கித் துடைத்தேன். ஓசோனை விட்டதுமே, விளக்குப் போடுமுன்பே, மெஷினில் தூசி ஏறியது. பையில் ஓட்டை தேடி மேடம் சாயங்காலம் வரை தரையில் தவழ்ந்தார். பார்க்கச் சகிக்காமல் கொண்டையை அவிழ்த்துக் காட்டினேன்.

"நல்லா தேட வுட்டியேக்கா" என்று சிரித்துவிட்டு, போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து தினமும் கழற்றி மாட்டினேன். சில வருடம் கழித்து, துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய என் வீட்டுக்காரர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். கை தானாகத் தலைக்குப் போய் வெறுமனே இறங்கியது. மேடம் பார்த்துவிட்டார்.

"நான் அவுக்கச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றார். அத்தனை படித்தவர்.

"கரித்தூளு கொன்னுச்சா, பூ கொன்னுச்சா? தூச எடை போடற, உனக்கு இது தெர்லியா?" என்றேன். சொன்னேனே தவிர, அந்தச் சந்தேகம் எனக்குள்ளும் கிடந்தது.

மறுநாள் பூ வாங்கி வைத்துக்கொண்டே போனேன். தெரு பார்த்தது, பார்க்கட்டும். மேடம் கண் முன்னால் கழற்றி ஆணியில் மாட்டினேன். வேலையை விட்டு நிற்கும்வரை ஒரு நாளும் தவறவில்லை.

போன மாதம் மேடம் இறந்துபோனார். படத்தை அந்த அறைக்குள்ளேயே வைத்து, முழம் முழமாக மல்லி சாத்தியிருந்தார்கள். கதவு புதுசு; ஆணி இல்லை.

"உள்ள வா ஆயா, இப்ப இன்னா டெஸ்ட்டா நடக்குது, பூவோடயே வா" என்றாள் யாரோ ஒரு பெண்.

நான் பூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.