சுண்ணாம்புக் கோட்டில் அம்மா வரைந்த வீடு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அம்மாவைப் பற்றி எதை எழுதுவது, எதை விடுவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அப்பாதான் வழி சொன்னார்.

“வூடு போட்ட கதைய எழுதும்மா. உங்கம்மா அதுல முழுசா இருக்கா.”

அப்படியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பாரூரில். ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் செழித்து நிற்கும் ஊர் அது. ஆனால் அம்மாவின் வீட்டாருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். பத்தொன்பது வயதில் திருமணம். எழுபதுகளில் ஓசூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அதே பகுதியில் கம்பெனி ஷெட்டுகள் கட்டிய இடங்களுக்குச் சித்தாளாகப் போனார். கைக்குழந்தையான என்னை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு ஜல்லி சுமந்தார். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால் சித்தப்பா எங்களோடுதான் வளர்ந்தார். அவருக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. உடன் வேலை செய்த பெண்ணை விரும்பினார். கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம், கன்னடக்காரக் குடும்பம். நம் சொந்தத்தில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதைப் படிக்கும் சிலருக்கு அது நினைவிருக்கலாம், கோபம் வேண்டாம். அம்மா மட்டும் ஆரத்தித் தட்டோடு வாசலில் போய் நின்றார். சித்தி அன்று எங்கள் லைன் வீட்டுக்குள் வந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறைக்கு ஆறு குடும்பம் வரிசை.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஜூஜுவாடியில் முப்பதுக்கு நாற்பது அடியில் வீட்டு சைட் ஒன்றை வாங்கியபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா கம்பெனியில் வீணாகும் டிராயிங் தாள்களைக் கேட்டு வாங்கிவந்து பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். சித்தப்பாவுக்கு டி.வி. வைக்க அகலமான ஹால் வேண்டும். முதல் ஷிஃப்டுக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்று சலித்த சித்திக்கு, வீட்டுக்குள்ளேயே குளியலறை வேண்டும். எனக்கு ஒரு சன்னல், அதன் கீழே ஒரு மேசை. அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். பின்பக்கம் ஒரு சின்ன டூல் ரூம். பெஞ்சு போட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பிடித்த வேலையைப் பார்க்க ஓர் இடம். ஒவ்வொரு தாளிலும் மற்ற அறைகள் இடம் மாறும். டூல் ரூம் மட்டும் மாறாது.

அம்மா அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“எல்லாம் கோடா இருக்குது. இதுல நா எங்க நிக்கறது?” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு பை சுண்ணாம்புத்தூள், கயிறு, முளைக்குச்சிகளோடு எங்கள் எல்லோரையும் சைட்டுக்குக் கிளப்பினார். காதர் மேஸ்திரியையும் வரச்சொல்லியிருந்தார். அம்மா ஒருகாலத்தில் சித்தாளாக வேலை பார்த்தது அவரிடம்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுவதை நூறு முறை பார்த்த கண் அம்மாவுக்கு. தாளில் புரியாதது மண்ணில் அவருக்குப் புரியும். மேஸ்திரி டேப்பைப் பிடிக்க, அப்பா அளவு சொல்ல, அம்மா குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனார். அரைமணி நேரத்தில் வெறும் மண்ணில் ஒரு வீடு படுத்திருந்தது.

“இப்ப எல்லாரும் உள்ள வாங்க. ஒரு நாளு குடித்தனம் பண்ணிப் பாக்கலாம்” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! சித்தப்பா நேராக ஹாலுக்குள் நடந்து வந்தார்.

“தம்பி, அது சுவரு! வாசல்ல வாங்க!” என்று அம்மா அதட்டினார். சித்தப்பா திரும்பிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத வாசல் வழியாக வந்தார். படுக்கையறையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. சித்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நடித்தேன். குளியலறைக் கதவைத் திறந்தால் சாப்பிடுகிறவர் முதுகில் இடிக்கும் என்று அம்மா கண்டுபிடித்து அதை அழித்து மாற்றினார். நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்டவெளியில் ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

கடைசியாகச் சமையலறை. தென்கிழக்கு மூலையில் அம்மா மூன்று கற்களை வைத்தார். பிறகு நாலடி தள்ளி இன்னும் மூன்று கற்களை வைத்தார்.

“அதென்ன?” என்றார் அப்பா.

“ரெண்டாவது அடுப்பு. இவளுக்கு ஒரு சமையல்கட்டு வேணும்” என்று சித்தியைக் காட்டினார்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“என்னைத் தனியா அனுப்பறீங்களா அண்ணி? நான் என்ன தப்பு பண்ணேன்?”

மேஸ்திரியும் தயங்கினார். “ஒரு வூட்ல ரெண்டு அடுப்புன்னா, அண்ணன் தம்பி பிரிஞ்சிட்டாங்கன்னுதாம்மா ஊரு சொல்லும்.”

அம்மா சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னார்.

“எங்கப்பாவும் பெரியப்பாவும் பாரூர்ல ஒரே அடுப்புலதான் இருந்தாங்க தம்பி. ஒரு நாளு கொழம்புல உப்பு கூடிப்போச்சின்னு ஆரம்பிச்சது. மூணாவது மாசம் கூடத்துக்கு நடுவுல சுவரு வந்துடுச்சி. பெரியப்பா புள்ளைங்களோட நா பேசறதுக்கு அஞ்சு வருசம் ஆச்சி. ஆம்பளைங்களுக்கு இது தெரியாது. நா புளி தூக்கலா வெச்சா இவ பாதிச் சோத்த மிச்சம் வெக்கிறா. இவ கொழம்புல வெல்லம் போட்டா நா பச்சத்தண்ணி ஊத்தித் தின்னுட்டு எழுந்துக்கறேன். ஏழு வருசமா ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. இன்னும் எத்தன வருசம் தொறக்காம இருப்போம்? சுவரு கூடத்துல வரக்கூடாதுன்னா அடுப்பு ரெண்டா இருக்கணும். சாப்பிடறது ஒரே கூடத்துலதான்.”

சித்திதான் முதலில் அசைந்தார். கோட்டைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகவே வந்து, இரண்டாவது அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“பாவா, அக்கா சொல்றது நிஜா” என்றார் அப்பாவிடம். கணவரின் அண்ணனைச் சித்தி கன்னட வழக்கப்படி ‘பாவா’ என்றுதான் அழைப்பார். “எனக்கு வேற வூடு பேடா. இந்த மூணு கல்லு சாக்கு.” வேறு வீடு வேண்டாம், இந்த மூன்று கல்லே போதும் என்று அவருடைய கலப்பு மொழியில் சொன்னார்.

மேஸ்திரி டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது சமையலறைக்கு இடம் போதாது, ஏதாவது ஓர் அறை போகவேண்டும் என்றார். சித்தப்பா குளியலறையைப் பார்த்தார். நான் என் சன்னலைப் பார்த்தேன். அப்பா மெதுவாகப் பின்பக்கம் நடந்துபோனார். டூல் ரூமின் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்தார். ஒரு பக்கம், மறுபக்கம், மூன்றாவது பக்கம். பிறகு அம்மாவிடம் சுண்ணாம்புப் பையை வாங்கி, இரண்டு சமையலறைகளையும் ஒட்டினாற்போல் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

“நடுச்சுவத்துல ஒரு சன்னல் வைங்க மேஸ்திரி. கிண்ணம் போறமாதிரி.”

“சன்னலுக்கு ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?”

“கதவே வேண்டாம்” என்றார் அம்மா.

அவ்வளவுதான், மறுபடியும் கூச்சல்! பரண் எங்கே, அம்மிக்கல் எங்கே, தண்ணீர்த்தொட்டி எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் கத்த, மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். புதுமனைப் புகுவிழாவில் இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் பால் காய்ச்சினார்கள். எது முதலில் பொங்கியது என்று அம்மாவும் சித்தியும் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

அந்த வீட்டில் அம்மா பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். என் கல்யாணப் பேச்சு நடந்தது அந்தக் கூடத்தில்தான். போச்சம்பள்ளியிலிருந்து வேலை தேடி வந்த உறவுப் பையன்கள் மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிட்டதும் அங்கேதான். வந்தவர்களிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “புளிப்பா, இனிப்பா? எந்தப் பக்கம்?” என்பதுதான். ஐம்பது வயதைத் தொடுவதற்குள் சிறுநீரகம் பழுதானது. நோயோடு இருந்த எட்டு மாதமும் அம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. படுக்கையில் இருந்தபடியே மேல்மாடி எடுத்தால் படிக்கட்டை எங்கே வைப்பது என்று அப்பாவோடு விவாதித்துக்கொண்டிருந்தார். அமைதியாகவே கண்மூடினார்.

எங்கள் துயரத்தில் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இரத்தம் கொடுத்த அப்பாவின் கம்பெனி நண்பர்கள், நள்ளிரவென்றும் பாராமல் வண்டி எடுத்துவந்த பக்கத்து வீட்டார், தள்ளாத வயதிலும் இறுதி ஊர்வலம் முழுக்க நடந்தே வந்த காதர் மேஸ்திரி, பாரூரிலிருந்து வந்திருந்த, அம்மாவின் பெரியப்பா வழி மாமாக்கள் என யாரையும் மறக்கவில்லை.

சித்திக்கு மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அம்மாவைக் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, கூட இருப்பவர் விவரம் கேட்டு ஒரு கன்னடப் படிவம் கொடுத்தார்கள். எங்களில் அதை எழுதத் தெரிந்தவர் சித்தி ஒருவர்தான். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் அவர் ஒரே ஒரு சொல்லை எழுதினார். ஓரகத்தி என்றுதான் எழுதியிருப்பார் என்று நினைத்து, பிறகு ஒருநாள் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸிடம் அதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

“‘தங்கி’ன்னு எழுதியிருக்காங்க. கூடப் பொறந்த தங்கச்சின்னு அர்த்தம்” என்றார் அவர்.