தி.நகர் கடைச் சுவரில் என் அண்ணியின் படம்

அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் தி.நகர் போனோம். லஸ் முனையில் பேருந்து ஏறி பனகல் பூங்காவில் இறங்கினோம். ஐந்து கிலோமீட்டர்தான், நெரிசலில் நாற்பது நிமிடம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுகமாகச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அண்ணி அடையாறில் பள்ளி ஆசிரியை. கடைக்குள் நுழைந்ததும் காவலாளி வழிமறித்தார். "யம்மா, அது நீதானே? பையக் காட்டு."

அவர் கைகாட்டிய சுவரில் 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று ஒட்டியிருந்தார்கள். கீழே மூன்று முகங்கள். நடுவில் அண்ணி, பைக்குள் எதையோ திணிக்கிறார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அது என் புடவைடீ. போன மாசம் இங்க பிளவுஸ் பிட் மேட்ச் பண்ண வீட்லேர்ந்து கொண்டுவந்தேன்."

மேலாளர் வந்தார். "கேமராவுல தெளிவா இருக்குல்லா?"

"முழுசாப் போட்டுக் காட்டுங்க" என்று கத்தினேன்.

ஆதாரத்துக்காகப் பதிவை எடுத்து வைத்திருந்தார்கள். ஓடவிட்டார். அண்ணி தன் பையிலிருந்து புடவையை எடுக்கிறார், துணியோடு ஒட்டிப் பார்க்கிறார், திரும்ப வைக்கிறார், பில் போடுகிறார். இத்தனை கேமரா மாட்டியவர்களில் ஒருவர்கூட இதை முழுதாகப் பார்க்கவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலாளர் படத்தைக் கிழித்தார். "எடுத்தாச்சும்மா. ஜூஸ் சாப்பிடுதியளா?"

"வேற எங்க அனுப்பினீங்க?" அண்ணி கேட்டார்.

"இந்தத் தெருக் கடைக்காரங்க வாட்ஸப் குரூப்ல மட்டும்..."

"அதுலயே மறுப்புப் போடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"முதலாளியக் கேக்கணும்."

அண்ணி கடை நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். புடவை பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னார், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். இரண்டு குடும்பங்கள் எழுந்து போனதும் முதலாளியின் அனுமதி தானாக வந்தது.

மேலாளர் தட்டச்சு செய்ததை அண்ணி வாங்கிப் படித்தார். "'தவறுதலாக'னு போடாதீங்க. 'எங்கள் தவறு'னு போடுங்க."

போட்டார்கள். வேறெந்தக் கடைக்கும் போகாமல் திரும்பினோம்.

துணி ஒப்பிட வீட்டுப் புடவையோடு போகிறவர்கள், நுழையும்போதே அதைக் கல்லாவில் காட்டிவிடுங்கள் என்று ஆலோசனை எழுத உட்கார்ந்தேன். எழுதக் கை கூசுகிறது. நாம் ஏன் காட்ட வேண்டும்? யாராவது உங்களைத் திருடர் என்றால் முழுப் பதிவையும் கேளுங்கள். மறுப்பு போடும்வரை நகராதீர்கள்.

நேற்று அடையாறில் காய்கறிக் கடையில் நின்றபோது அண்ணியின் பைக்குள் அலைபேசி அடித்தது. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கு வந்துதான் பையைத் திறந்தார்.