மவுஸை ஆணியில் மாட்டியவள்

மவுஸை வாலைப் பிடித்துத் தூக்கிப் பின்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் டைப் அக்கா நாற்காலியில் உட்காருவாள். அந்த ஜெராக்ஸ் கடையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் மவுஸ் மேசைமேல் சொகுசாகப் படுத்திருக்கும். இவளிடம் வாக்கப்பட்ட மவுஸுக்கு மட்டும் தினமும் தூக்கு. "கை அங்க போயி, அதைத் தேடிப் பிடிச்சு, உருட்டிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பக்கம் முடிஞ்சிடும். எதுக்கு வீணா அலையணும்?" என்பாள்.

கண்ட்ரோலோடு ஒரு எழுத்து, ஆல்ட்டோடு ஒரு தட்டு, அவ்வளவுதான். வெட்டுவாள், ஒட்டுவாள், அடித்த தப்பை அடிக்காததாக ஆக்குவாள், அச்சுக்கு அனுப்புவாள். அருவாமனையில் காய் நறுக்குகிறவள் கையைப் பார்ப்பதில்லையே, அதுபோல இவளும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பயனில்லை. அடித்து அடித்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், கீபோர்டு முழுக்க மொட்டைத்தலைகள். எந்த மொட்டை எது என்று அவள் விரலுக்குத்தான் வெளிச்சம். வேறு யார் விரலும் அதில் படக்கூடாது. முதலாளி ஒருநாள் தூசி தட்டப் போனதற்கே, "தம்பி, சாப்பிடற தட்டுல கை வைக்கிற மாதிரி இருக்கு, எடு கையை" என்றாள். ஜெராக்ஸ் கடைக்கு முதலாளி அவன்தான். வாய் இவள்.

அந்த விரல்கள் வீட்டுக்குப் போனாலும் அடங்காது. யாராவது மனசுக்குப் பிடித்த வார்த்தை சொன்னால் இடது கை தொடைமேல் ஒரு அமுக்கு அமுக்கும். கண்ட்ரோல் எஸ். "மறந்துடக் கூடாதுல்ல, சேவ் பண்ணிக்கிட்டேன்." கல்யாணமான இத்தனை வருஷத்தில் தான் சொன்ன எதற்கும் அந்த விரல் அசைந்ததே இல்லை என்று அவள் புருஷனுக்குக் குறை. சேமித்து வைக்கிற மாதிரி மனுஷன் ஏதாவது பேசியிருக்க வேண்டுமே.

முதலாளிக்கு ஃபோல்டர் பைத்தியம். வருஷத்துக்கு ஒன்று, அதற்குள் மாதத்துக்கு ஒன்று, அதற்குள் 'முக்கியம்', அதற்குள் 'ரொம்ப முக்கியம்'. பானைக்குள் பானை வைத்துப் பூட்டிவிட்டு, கடைசியில் எந்தப் பானை என்று தெரியாமல் முழிப்பான். டைப் அக்காவிடம் ஃபோல்டரே கிடையாது. எல்லாம் ஒரே குவியல். ஆள் வந்து நின்றதும் தேடுகிற கட்டத்தில் ஒரு வார்த்தை தட்டுவாள். ஃபைல் ஓடி வந்து காலடியில் நிற்கும்.

சூட்சுமம் அவள் வைக்கிற பேரில் இருக்கிறது. "ஆளோட பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்? குணம்தான் மறக்காது" என்பது அவள் கணக்கு. அதனால் குணத்தையே பேராக வைத்துவிடுவாள். குடையை விட்டுவிட்டுப் போனவரின் வாடகை ஒப்பந்தம் 'குடையை மறந்த வாத்தியார்'. மேசைமேல் இருக்கும் பேனாவைப் பையில் போட்டுக்கொள்ளும் அம்மாளின் மனு 'பேனா திருடி'. வாய்க்கு வந்தது, விரலுக்கும் வந்துவிடும். திரை அவள் பக்கம் பார்த்திருக்கும் வரை யாருக்கு என்ன நஷ்டம்?

இவளுக்கு ஒரே மகள், கண் பரிசோதனைக் கடையில் வேலை. அங்கேயே கண்ணாடி செய்கிற பையன்மேல் மகளின் கண் விழுந்துவிட்டது. பையனும் சரி, அவன் அப்பாவும் சரி, தலையாட்டியாகிவிட்டது. பையனின் அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. பெண்ணின் அம்மாவை ஒருமுறை நேரில் பார்த்தபிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டாள். மகள் வந்து கெஞ்சினாள்.

"அம்மா, நாளைக்கு அவங்க உன் கடைக்கே வர்றாங்களாம். உன் வாயைக் கொஞ்சம் பூட்டி வை. சம்பந்தி ஆகறதுக்கு முன்னாடியே சண்டை வாங்கிடாதே. அவங்க வேண்டாம்னா இவர் மீறி வர மாட்டார்மா."

"நான் என்னடி பண்ணப் போறேன்? திறந்தாத்தானே வம்பு."

வாயைத் திறக்கவில்லைதான். வினை வாயில் இல்லையே.

மறுநாள் டைப் அக்கா சலவைச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். பூட்ஸுக்குப் போடுகிற கறுப்பைவிடக் கறுப்பாகத் தலைமுடி. ஒரு வெள்ளை எட்டிப் பார்க்க முடியாது. "பையனோட அம்மா" என்றாள். டைப் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த முகம். போன மழைக்கு வந்து, மேல்வீட்டுக்காரர்கள் ராத்திரியெல்லாம் நாற்காலி இழுக்கிறார்கள் என்று புகார் அடிக்கச் சொன்ன முகம். ஒவ்வொரு தடவை படித்துக் காட்டும்போதும், "காரம் பத்தலையே, இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரி போடுங்க" என்று உயிரை வாங்கிய முகம். அன்றைக்கு அவள் வாசல் தாண்டியதும் டைப் அக்கா ஃபைலுக்கு ஒரு பேர் வைத்தாள். எந்த நேரத்தில் வைத்தாளோ.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே... அட, என் லெட்டரை அடிச்சது நீங்கதானா! நல்லதாப் போச்சு. அந்த மேல்வீட்டுக் கழுதைங்க மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க. அதையே தேதி மாத்திக் குடுங்க."

"அது பழசுங்க. புதுசாவே அடிச்சுத் தர்றேனே."

"எதுக்குப் புதுசு? ஒரு தட்டு தட்டினா எதுவும் வந்து நிக்கும்னு உங்க பொண்ணு பெருமையடிச்சாளாமே. அதைத்தான் பார்க்கணும்." ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துவந்து டைப் அக்காவின் தோளோடு தோளாகப் போட்டுக்கொண்டாள். மேல்வீட்டுக்காரர்களுக்கு இவளிடமிருந்துதான் பழக்கம் வந்திருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

டைப் அக்காவின் மூளை ஓடியது. வழக்கமான வார்த்தையைத் தட்டினால் அந்த ஒரு பேர் மட்டும் தனியாக வந்து பல்லிளிக்கும். கடிதத்துக்குள் இருக்கிற வார்த்தையைத் தட்டினால் நூறோடு ஒன்றாகக் கிடக்கும், சட்டென்று திறந்துவிடலாம். 'மாடி' என்று தட்டினாள். மாடி என்று எழுதின அத்தனை ஃபைலும் திரையில் கொட்டியது. அத்தனைக்கும் பேர் இருந்தது.

"குடையை... மறந்த... வாத்தியார்" என்று அந்த அம்மாள் எழுத்துக்கூட்டினாள். கண்ணாடி மூக்கில் இறங்கியது. "இதென்னங்க? ஐயய்யோ, இது எங்க தெரு வாத்தியாரில்ல! பொண்டாட்டியையே ஒருநாள் பஸ்ல விட்டுட்டு இறங்கினவராச்சே!"

டைப் அக்கா விண்டோஸ் பட்டனையும் டி-யையும் சேர்த்து அமுக்கினாள். திரை துடைத்துவிட்டாற்போல் ஆனது.

"எங்க போச்சு? கொண்டாங்க, கொண்டாங்க."

வேறு வழி? மறுபடி அமுக்கினாள். குவியல் திரும்பி வந்தது.

"பேனா திருடி! பல் டாக்டர் வீட்டம்மாதானே? எங்க வீட்லயே ரெண்டு போயிருக்கு. கீழ போங்க. 'பெருமூச்சு'... ஆமாமா, அந்த லாண்டரிக்காரர். சட்டை குடுத்தாலும் மூச்சு, வாங்கினாலும் மூச்சு. கீழ போங்க, நிறுத்தாதீங்க." ஸ்டூல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரார் தலையை உருட்டினால் எவளுக்குத்தான் இனிக்காது? டைப் அக்காவின் விரல் கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டிருந்தது. எஸ்கேப் பட்டன் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தப்பித்துப் போய் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

சிரிப்பு நின்றது.

"காரம் பத்தாத... கிழவி."

ஜெராக்ஸ் மெஷின் பக்கமாக நின்றிருந்த முதலாளி மெதுவாகக் குனிந்து, கீழே இல்லாத ஒரு தாளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"இது யாரு?"

பொய் சொல்ல டைப் அக்காவுக்கு வராது. வராததை இனிமேல் படிக்கவும் முடியாது. "நீங்கதான்" என்றாள். "என் வாய்க்கொழுப்பு. விரல்ல வந்துடுச்சு. என் பொண்ணுக்கு இந்தக் குணம் கிடையாதுங்க. அவ அப்பா மாதிரி, சாது. என்னை மனசுல வச்சுக்கிட்டு அவளை வேண்டாம்னுடாதீங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டி, திரையை இன்னொரு தடவை படித்தாள்.

"காரம் பத்தலைன்னு சொன்னது நான்தான். ஒத்துக்கறேன்" என்றாள். "கிழவி யாருடி?"

அந்த 'டி' காதில் விழுந்ததும் டைப் அக்காவின் இடது கை, கீபோர்டை விட்டிறங்கி, தொடையில் ஒரு அமுக்கு அமுக்கியது.

"இப்பவே மாத்திடறேன். எஃப் டூ அமுக்கினா பேரை மாத்திக்கலாம்."

"நீ வச்ச லட்சணத்தைத்தான் பார்த்தேனே. அமுக்கிட்டுத் தள்ளு. எனக்கு நானே வச்சுக்கறேன்."

முதலாளி தாள் பொறுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் விரலே பட்டதில்லையே அந்தக் கீபோர்டில். டைப் அக்கா எஃப் டூ-வை அமுக்கினாள். பழைய பேர் முழுவதும் நீலமானது. கீபோர்டை இரண்டு கையாலும் பிடித்து அந்த அம்மாளின் பக்கம் நகர்த்தினாள்.

அந்த அம்மாள் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு மொட்டைகளின் மேல் இங்குமங்கும் அலைந்தாள். "என்னடி இது, ஒண்ணுலயும் எழுத்தே இல்ல? சம்பந்திக்கு 'ச' எங்க இருக்கு?"

டைப் அக்கா அந்த விரலைப் பிடித்துக் கொண்டுபோய் 'ச'வின் மேல் வைத்தாள்.