படங்கு போர்த்திய கோழிக்கூடு

கோழிக்குஞ்சை அழகு என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் அதைப் படத்தில் பார்த்தவர்கள். களப்புப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கும் மாரி காலத்தில், பின்பக்கம் பீ காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சை ஒரு கையில் பிடித்து, மறு கையால் வெந்நீர்த் துணியை வைத்து ஊறவைத்துக் கழுவியவன் அப்படிச் சொல்லமாட்டான். நான் கழுவியிருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் விரல்களைச் சாரத்தில் துடைத்துக்கொள்கிறேன்.

புத்தளத்துக் கரையில் என்ன பெரிய குளிர் என்று நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இறகு முளைக்காத குஞ்சுக்கு மழையில் நனைந்த காற்றே போதும். சூடு தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பதை நசுக்கிக் கொன்றுவிடும். காலையில் பெட்டியைத் திறந்தால் மேலே இருப்பவை பசியில் கத்தும். கீழே ஒன்று தட்டையாகக் கிடக்கும். அதை எடுத்து எறிவதும் என் வேலைதான்.

நான் கருவாட்டு வியாபாரி. கூடப்பிறந்த மூத்தவர் நானாவும் நானும் கண்டக்குழிக் கரையில் மீன் வாங்கி, காயப்போட்டு, மூட்டை கட்டி அனுப்புகிறோம். மீன் குடல் எனக்கு மணப்பதில்லை. புழு வைத்த சுறாத்துண்டைக் கையால் தட்டிவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கோழிப்பீ மட்டும் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நானாவுக்கு இது பெரிய பகிடி. "கருவாட்டு மூட்டைக்கு மேல படுத்துத் தூங்குற ஆளுக்கு கோழிப்பீ மணக்குதாமே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அப்படிப்பட்ட நான் கோழி வளர்க்கப் போனது என் மனைவிக்காக. அவள் கனமூலைப் பெண். முற்றமெல்லாம் கோழி மேய்ந்த வீட்டில் வளர்ந்தவள். மூத்தவன் பிறந்தபோது அவளுடைய உம்மா நாற்பது நாளும் கூட இருந்து, மருந்துச் சரக்கு அரைத்துப் போட்டு, குடிக்க ஊர்க்கோழி ஆணம் காய்ச்சிக் கொடுத்தார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது அந்த மாமி மவுத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. புரொயிலர் கோழியின் மணம் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆறாம் மாதம் இரத்தம் கண்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, "உம்மா இருந்தா எனக்கு இந்தக் கவலையே இல்ல" என்றாள்.

"நான் வளத்து, நானே ஆக்கித் தாரன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

கனமூலையிலிருந்து அவளுடைய சாச்சி பதினைந்து ஊர்க்கோழிக் குஞ்சுகளைக் கொடுத்து அனுப்பினார். பிள்ளை பிறக்கும்போது அவை இளம் பேடுகளாகிவிடும் என்பது கணக்கு. முதல் மாதம் காட்போட் பெட்டியில், பல்ப் சூட்டில், எங்கள் அறைக்குள்ளேயே கிடந்தன. கரண்ட் போகும்போதெல்லாம் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வைக்கவேண்டும். வைத்த அடுத்த நிமிடம் அதன்மேல் ஏறி நின்று எச்சமிடும். தண்ணீர்க் கோப்பைக்குள் எச்சம், தீனிக்குள் எச்சம், ஒன்றின் முதுகில் மற்றதின் எச்சம். அவள் கட்டிலில் படுத்தபடியே பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரித்ததால்தான் அந்த ஒரு மாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இறகு வந்ததும் வளவின் பின்பக்கம், பழைய மீன் பெட்டிகளை உடைத்து ஒரு கூடு அடித்தேன். தரைக்குத் தென்னந் தும்புத்தூள் பரப்பினேன். எங்கள் பக்கம் தும்புத்தூளுக்கா பஞ்சம்? டிசம்பரில் மழை விடாமல் பிடித்தது. கருவாடு மூடும் பெரிய தார்ப்பாய்ப் படங்கைக் கொண்டுவந்து, கூட்டை நான்கு பக்கமும் போர்த்திக் கயிறு போட்டு இறுக்கினேன். குளிருக்காக என்று அவளிடம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மூடிவிட்டால் மணம் வெளியே வராது. நான் பார்க்கவும் தேவையில்லை.

"மேல ஒரு சாண் திறந்து விடுங்க" என்றாள். "கீழ காத்துப் படாம மறைச்சா போதும். மூச்சு விட வேணும்தானே. தும்புத்தூள ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. அது தண்ணிய உறிஞ்சி வெச்சிக்கிரும்."

"ஓம், மாத்துறன்."

"இண்டைக்கு மாத்தினீங்களா?"

"ஓம்."

மாற்றவில்லை. ஒரு தடவைகூட மாற்றவில்லை. அவளால் கட்டிலை விட்டு இறங்கிவந்து பார்க்க முடியாது. அதனால் அந்தப் பொய் மிகவும் சுலபமாக இருந்தது. தினமும் படங்கின் ஒரு மூலையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தீனியை உள்ளே வீசிவிட்டு ஓடிவந்துவிடுவேன். அதற்குள்ளேயே கண் எரிந்து தண்ணீர் வரும். தும்புத்தூள் ஊறி உப்பிக் களியாகியிருந்தது. அதன்மேல் ஏதோ வெள்ளையாக நெளிந்தது. கோழிகளின் கால்களில் பீ உருண்டையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. அவை இருமுகின்றன என்பது தெரிந்தது. கோழி இருமுவதைக் கேட்டிருக்கிறீர்களா? வயதான மனிதர் தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும். அருவருப்பில் படங்கை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

ஜனவரியில் ஒவ்வொன்றாகத் தலை தொங்கத் தொடங்கியது. நானா கத்தியோடு வந்துவிடுவார். எங்களிடையே இது வழக்கமானதுதான். தானாகச் செத்தால் யாருக்கும் ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் வீணாகாது. "கண் முழிச்சிக்கிட்டு இரிக்கிதானே, ஹலால்தான்" என்று அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். நன்றாகச் சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹலால் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. என் வயிறுதான் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. மதினி கொடுத்தனுப்பிய கறியை ஒவ்வொரு முறையும் வேலிக்கு அப்பால் கொட்டினேன்.

மனைவி புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு வந்தபோது கூட்டில் இரண்டுதான் மிச்சம். அவளுக்குத் தெரியாது. எல்லாம் கொழுத்து நிற்கின்றன என்று சொல்லிவைத்திருந்தேன். பத்தாம் நாள் அந்த இரண்டில் ஒன்றும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

சந்தையில் நல்ல கோழி ஒன்று வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். மழை பெய்தது, உண்மைதான். அதைவிட, பழுதாகப் போகிற மீனுக்கு உப்பை அள்ளிப் போட்டுக் கருவாடாக்கிவிடுகிற புத்தி. படுத்துக் கிடந்ததை நானே அறுத்தேன். வயிற்றைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் திரைந்த பால்போல ஏதோ ஒட்டியிருந்தது. ஈரலில் பச்சைத் திட்டுகள். கிணற்றடியில் குந்தி வாந்தி எடுத்தேன். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, ஈரலை வீசிவிட்டு, இறைச்சியை ஐந்து தண்ணீரில் கழுவி, இஞ்சி, உள்ளி, மிளகு எல்லாம் அரைத்துப் போட்டு இரண்டு மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். ஆணம் நன்றாக மணத்தது. அந்த நல்ல மணம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்து கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு கரண்டி குடித்தாள். "உம்மாட கைப்பக்குவம் மாதிரி இரிக்கி" என்று சொல்லும்போது கண் கலங்கியது. இன்னொரு கரண்டி குடித்தாள். பிறகு கோப்பைக்குள் கரண்டியால் தேடினாள்.

"ஈரல் எங்க? பிள்ளப் பெத்தவளுக்கு மொதல்ல ஈரலத்தானே வெப்பாங்க."

"பூனை தூக்கிட்டுப் போயிட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோப்பையை என் பக்கம் நீட்டினாள். "நீங்க ஒரு மொடக்குக் குடிச்சிட்டுத் தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நான் கோப்பையை வாங்கினேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். எவ்வளவு முயன்றும் அந்த ஒரு மிடறு உள்ளே போகவில்லை. "வயிறு சரியில்ல" என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் குடிக்க அருவருத்ததை, பால் கொடுக்கிற என் மனைவிக்கு ஊட்டியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழுந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பின்வளவுக்குப் போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். படங்கின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். குசினி வாசலில் நின்ற எனக்கே குமட்டியது. அவள் முக்காட்டால் மூக்கைக்கூட மூடவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கோழியை எடுத்துக் காலில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிவிட்டுக்கொண்டே, "இதுக்குள்ளயா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு கதையும் கதைத்ததில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதைக் கொடுத்தாலும், பாணோ பாலோ மருந்தோ, முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறாள். மகளுக்கு இப்போது ஏழு வயது. போன கிழமை அவளுக்குக் காய்ச்சல் என்று கோப்பையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு குடித்தாள். உம்மா கொடுக்கும்போது அவள் அப்படிச் செய்வதில்லை.