படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட கை

1988 நவம்பர் 3, வியாழக்கிழமை, காலை எட்டு மணி. வின்டர்தூர் புகையிரத நிலையத்தில் பாடனுக்குப் போய்வர ஒரு சீட்டு வாங்கினேன். அரைக் கட்டண அட்டை இருந்ததால் பன்னிரண்டு பிராங். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "வெந்நீர்க் குளியலுக்கா?" என்று கேட்டார். பாடனுக்குப் போகிற கிழவர் கிழவிகள் எல்லோரும் அங்குள்ள ஊற்றில் குளிக்கத்தான் போவார்களாம். எனக்கு நாற்பத்தாறு வயது. மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டிவிட்டு, "இல்லை, ஒரு படம் பார்க்க" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால், படத்தைக்கூட அல்ல, அதில் உள்ள ஒரு கையைப் பார்க்கத்தான் போனேன்.

முதியோர் இல்லம் ஒன்றின் துணி அழுத்தும் அறையில் வேலை செய்கிறேன். அங்கே சுவரில் ஆர்காவ் மாநிலத்துத் தேவாலயப் படங்கள் போட்ட கலண்டர் ஒன்று தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை என்னோடு வேலை செய்யும் இத்தாலியப் பெண் ரோசா ஒக்டோபரைக் கிழித்தாள். நவம்பரில் ஒரு குடும்பம் முழங்காலில் நின்றது. ஒரு பக்கம் தாடி வைத்த தகப்பனும் நாலு பையன்களும், மறுபக்கம் கறுப்பு உடுப்புப் போட்ட தாயும் மூன்று பெண்களும். கீழே இருந்த எழுத்தை ரோசா வாசித்து விளக்கினாள். அந்தத் தாய் ஓர் ஆங்கிலேயப் பிரபு வீட்டுப் பெண். ஏறக்குறைய நானூற்று முப்பது வருடங்களுக்கு முன் சமயக் கலவரத்தில் தன் நாட்டை விட்டு ஓடி இந்தப் பக்கம் வந்தவள். கையில் சின்ன மண்டையோடு வைத்திருக்கிற பிள்ளைகள், படம் வரைவதற்கு முன்பே செத்துப்போனவர்கள். பூ வைத்திருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள்.

எண்ணினேன். மூன்று மண்டையோடு, மூன்று பூ. ஏழாவது பிள்ளை மூத்த பையன். தகப்பனுக்குப் பின்னால், படத்தின் இடது ஓரத்தில் நின்றான். கலண்டர் அச்சடித்தவர்கள் படத்தை அளவுக்கு வெட்டியதில் அவனுடைய முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அன்று நான் அழுத்திய படுக்கை விரிப்புகளில் எத்தனை கருகியிருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். நல்ல காலம், ஒன்றும் கருகவில்லை.

எனக்கும் ஒரு மூத்த மகன். பெயர் அருள். இரண்டரை வருடங்களுக்கு முன் மன்னாரில், பதினேழு வயதில், ரியூசனுக்கு என்று பஸ் ஏறினான். அவன் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. நாங்கள் தேடாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. பிறகு நானும் கணவரும் மகள் ஸ்ரெலாவோடு இங்கே வந்துவிட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிபூர்க்கில் இருந்து தமிழ்ச் சாமியார் வந்து பூசை வைக்கிறார். கத்தோலிக்கரான எங்களுக்கு நவம்பர் இறந்தவர்களின் மாதம். அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரைக் கொடுத்தால் சாமியார் வாசித்து மன்றாடுவார். இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும். கணவர் போன கிழமையே கேட்டுவிட்டார்.

"அருளின்ரை பேரையும் குடுப்பம். எவ்வளவு காலத்துக்கெண்டு இப்பிடி இருக்கிறது? அவன்ரை ஆத்துமத்துக்காவது ஒண்டு செய்வம்."

ஒரே அறையில் இருந்துகொண்டு நாலு நாளாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். கடைசியில், அந்தப் பையனின் கையில் மண்டையோடு இருந்தால் பெயரைக் கொடுப்பது, பூ இருந்தால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். பூப்போட்டுப் பார்க்க இங்கே எனக்கு வேறு என்ன இருந்தது? கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சூரிச் இருபத்தாறு கிலோமீற்றர். அங்கே மாறி இன்னும் இருபத்திரண்டு கிலோமீற்றர் போனால் பாடன். வழி முழுதும் மூடுபனி. நவம்பரில் இந்த நாட்டின் மலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கலண்டரில்தான் பார்க்க வேண்டும். என் எதிரே இருந்த அம்மா, பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை இருத்தியிருந்தார். பெட்டி நிறைந்து ஆட்கள் நின்றார்கள், கைப்பை எழும்பவில்லை. என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. ஊரில் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் சீதனக் கணக்கு வரை தெரிந்துவிடும். அது பெரிய தொல்லை என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் பூசையிலும் ஒரு பயண வேலை உண்டு. பூசை நடுவில் சாமியார் "பயணத்தில் இருப்பவர்களுக்காக மன்றாடுவோம்" என்று சொல்லிச் சில பெயர்களை வாசிப்பார். அகதியாக வெளிநாடு போக ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்டு, இடைவழியில் மொஸ்கோவிலோ பெர்லினிலோ நிற்கிறவர்கள். ஆள் வந்து சேர்ந்தால் வீட்டுக்காரர் சொல்லிப் பெயரை எடுக்க வேண்டும். சொல்ல மறப்பவர்களும் உண்டு. ஒருவர் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து கார் வாங்கிய பிறகும் அவருடைய பயணத்துக்காக நாங்கள் மூன்று மாதம் மன்றாடினோம்.

ஒன்பதேகால் மணிக்கு பாடன். நிலையத்துக்கு வெளியே மஞ்சள் தபால் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தமிழ்த் தம்பி வந்து நின்றார். உணவுக்கடை வேலை என்பது அவருடைய கறுப்புக் காற்சட்டையில் தெரிந்தது.

"அக்கா எவடம்?"

"மன்னார். இப்ப வின்டர்தூர்."

"நான் கரவெட்டி. தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம் தம்பி."

"எத்தினை பிள்ளையள்?"

எங்கள் ஆட்கள் மூன்றாவதாகக் கேட்பது இந்தக் கேள்விதான். இரண்டு என்றால், மற்றது எங்கே, என்ன செய்கிறது என்று அடுத்தது வரும். எனக்கு அன்று அதற்குத் தெம்பு இல்லை.

"ஒண்டு. மகள்" என்றேன்.

"ஒண்டெண்டால் கரைச்சல் இல்லை" என்று அவர் நல்ல மனதோடு சொன்னார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, அவருடையது வேறு பஸ். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக ஒன்று என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பூசையும் இல்லாமல், ஒரு மெழுகுதிரி இல்லாமல், பஸ் நிறுத்தத்தில் நின்று பிள்ளையைக் கழித்துவிட்டேன். இறங்கி ஓடிப்போய் அந்தத் தம்பியிடம் திருத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பஸ் புறப்பட்டுவிட்டது.

இருபத்தைந்து நிமிட ஓட்டம். ஆரே ஆற்றங்கரையில் ஒரு சிறு ஊர். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே தேவாலயச் சாவி வைத்திருந்த அம்மா, "ஊர்ப் பெயரை வெளியே சொல்லாதீர்கள், கூட்டம் வந்தால் தரையை நான்தான் துடைக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். தரை துடைப்பவளின் வேண்டுகோளை நான் தட்டமாட்டேன்.

தேவாலயம் பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் மணியடித்தால் திறப்பார்கள் என்று கதவில் எழுதியிருந்தது. மணியடித்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க அந்த அம்மா, ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சமூகசேவை அலுவலகம் பாடனில் இருக்கிறது" என்றார்.

"தெரியும். நான் ஆங்கிலேய அம்மாவைப் பார்க்க வந்தேன்."

அவருடைய முகம் சிவந்துவிட்டது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாவியோடு கோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். நின்று காட்டப் போகிறார் என்று தெரிந்தது.

புரட்டஸ்தாந்துத் தேவாலயம். வெள்ளைச் சுவர், ஒரு சுருவமோ சிலையோ இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்குள் வந்தது போல் இருந்தது. அந்தக் காலத்தில் படங்களையெல்லாம் அகற்றிவிட்டார்கள், இது குடும்பப் படம் என்பதால் பக்கத்து அறையில் வைக்க விட்டார்கள் என்றார். குளிரில் மூச்சு புகைந்தது. அவர் போகிற வழியிலேயே ஆங்கிலேய அம்மாவின் கதையைத் தொடங்கிவிட்டார். நான் பாதியை விளங்கி, மீதியை ஊகித்தேன்.

கென்ட் பக்கத்துப் பெரிய வீட்டுப் பெண். பதினைந்து வயதில் கலியாணம். ஏவல் செய்ய வீடு நிறைய ஆட்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்த அரசியின் சமயம் வேறு, இவர்கள் சமயம் வேறு. கணவனைப் பிடிக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் மீன்பிடிப் படகில் கடல் தாண்டி, பிறகு ரைன் ஆற்று வழியாக இங்கே வந்தார்கள். சாயக்காரர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு. அதுவரை தன் கைக்குட்டையைக்கூடத் தோய்த்து அறியாதவள், இந்த ஆற்றங்கரைக்கு வந்துதான் துணி துவைக்கப் பழகினாளாம்.

"அவளுடைய அரசியின் ஆட்கள் யார்?" என்று கேட்டேன்.

"கத்தோலிக்கர்" என்றார்.

என் கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கம் கிடந்தது. சால்வையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் விளக்கைப் போட்டார். கலண்டரில் ஒரு சாண் இருந்த படம், இங்கே ஆள் உயரம். தாயின் கறுப்பு உடுப்பின் மடிப்புகளை நல்ல அழுத்துகாரி ஒருத்தி அழுத்தியிருக்க வேண்டும். மூன்று மண்டையோடு. அதில் ஒன்று வெள்ளைத் துணி சுற்றிய கைக்குழந்தையின் நெஞ்சில். அது இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே செத்ததாம், அதற்காகத்தான் படமே வரையப்பட்டதாம். நான் அவசரப்பட்டு இடது பக்கம் போகவில்லை. பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பயமாக இருந்தது.

பிறகு பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன். தகப்பனின் மூக்கு. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, யாரோ ஏதோ கொடுக்கப் போகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றான். கைகளில் ஒன்றும் இல்லை.

பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். இவ்வளவு மறைத்தும் பலன் இல்லை.

"இங்கே ஒருவரும் அப்படிச் செய்வதில்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் செய்யலாம்" என்றார்.

"இவன் கையில் ஏன் ஒன்றும் இல்லை?"

அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பெரிய குடும்பங்களில் பிள்ளைகளை வேறொரு பிரபு வீட்டில் விட்டு மரியாதை பழக்குவார்களாம். இவனும் இரண்டு நாள் பயணத் தூரத்தில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறான். படகு அன்று விடியப் போயாக வேண்டும். ஆள் அனுப்பிக் கூட்டிவர நேரம் இல்லை. பிறகு அந்த வீட்டுக்காரரையும் பிடித்துவிட்டார்கள், பையன் எங்கே என்று ஒரு செய்தியும் வரவில்லை. படம் வரைகிறவன், பூவா மண்டையோடா என்று கேட்டபோது தாய், "கையை வெறுமையாக விடு" என்றாளாம்.

"பிறகு?"

"அரசி செத்தாள். இவர்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். புறப்படும்போது, மகனைக் கண்டால் எழுதுகிறேன், அதைப் பார்த்துக் கையில் வரையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்."

"எழுதினாளா?"

"எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. கண்டிருப்பாள், சந்தோஷத்தில் எழுத மறந்திருப்பாள் என்று என் அம்மா சொல்லுவார். என் அப்பா வேறு மாதிரிச் சொல்லுவார்." அவர் தோளைக் குலுக்கினார். "இரண்டு தடவை படத்தைப் புதுப்பித்தார்கள். அந்தக் கையை மட்டும் ஒருவரும் தொடவில்லை."

அவர் என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்து, நான் பார்த்து முடியும் வரை அந்தக் குளிரில் இருந்தார். எனக்கு ஆங்கிலேய அம்மா மேல் முதலில் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு பதிலை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே. பிறகு, அவள் தன் பிள்ளைகளை எண்ணியபோது ஏழு என்றுதான் எண்ணினாள் என்பது நினைவுக்கு வந்தது. அழுதேன். அழுகையை அடக்க அங்கே ஒரு தேவையும் இருக்கவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"இரண்டு" என்றேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு நெடுநேரம் காத்திருந்து, மாலை நாலேகாலுக்குத் திரும்பவும் வின்டர்தூர். மூடுபனியில் நேரத்தோடு இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் இந்த நேரம் பள்ளிப் பிள்ளைகள் விளையாடப் புறப்படுகிற நேரம். இங்கே கடைகளில் விளக்கு எரிந்தது, ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு விரைந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு முந்தி வந்து, துணி துவைத்து, வெறும் கையோடு காத்திருந்த ஒருத்தியை இன்று சந்தித்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. படிக்கட்டின் கீழே, பீங்கான் கழுவிய கையை ஜக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு என் கணவர் நின்றார். இதற்கு முன் அவர் நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போனதே இல்லை.

"கையிலை என்ன இருந்தது?" என்றார். எப்படிப் போனது என்றுகூடக் கேட்கவில்லை. அவரும் நாள் முழுக்க அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒண்டுமில்லை. வெறுங்கை. தாய்க்குத் தெரியேல்லை, அப்பிடியே விடச் சொன்னவவாம்."

பக்கத்தில் ஒரு ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அப்ப சாமிக்கு என்னெண்டு சொல்லுறது? ஏழு மணிக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னவர்."

"பேரைக் குடுங்கோ" என்றேன். "செத்தவையின்ரை பேரோடை வேண்டாம். பயணத்திலை இருக்கிறவைக்கெண்டு மன்றாடேக்கை வாசிக்கச் சொல்லுங்கோ. அவன் பஸ் ஏறினவன். இறங்கினதை ஒருத்தரும் காணேல்லை."

கணவர் என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். பத்தடி நடந்த பிறகு சொன்னார்.

"அப்ப அவன் வந்து சேந்தாப் பிறகுதான் பேரை எடுக்கலாம். சாமிக்கு அதையும் சொல்லவேணும்."