பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த மாத்திரை

அறுபத்தைந்து, அறுபத்தாறு வாக்கில் நடந்தது. கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. காயம், காய்ச்சல் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரியில் அவர் நம்பர் எழுதிய காகிதப் பொட்டலத்தில் மாத்திரை தருவார்கள். பாதியிலேயே குணமாகிவிட்டால் மிச்சத்தை நான் எறிய மாட்டேன். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பேன். லைனில் யாருக்குத் தலைவலி என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ‘டாக்டரம்மா’ என்று அவர்கள் கிண்டலாகக் கூப்பிட்டாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். நாலாங்கிளாஸ் படித்த டாக்டரம்மா!

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி. அக்கா அக்கா என்று என்னையே சுற்றி வருவாள். ஒருநாள் காலையில், “அக்கா, தொண்ட வலி, ஜொரம் வேற. ஆஸ்பத்திரி க்யூவுல நிக்க முடியாதுக்கா. எதுனா இருந்தா குடுங்க” என்று வந்தாள். வீட்டுக்காரருக்குக் கால் நசுங்கியபோது கொடுத்த வெள்ளை மாத்திரை ஆறு மீதி இருந்தது. புண்ணையே ஆற்றியது தொண்டையை ஆற்றாதா என்று பொட்டலத்திலிருந்து நாலை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்து, உதடு வீங்கி, வாயெல்லாம் கொப்புளம். அம்மை என்று மாமியார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டில் அப்போது மருந்தும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. எனக்கு மட்டும் அம்மை என்று தோன்றவில்லை. “ஒடம்பு தடிச்சா ஒடனே நிறுத்திட்டு இங்க வந்துடணும்” என்று கம்பவுண்டர் அந்த மாத்திரையைத் தந்த அன்றைக்கு இவரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ஆனால் கம்பெனி மருந்தை வெளியே கொடுத்தது தெரிந்தால் இவர் வேலைக்கு ஆபத்தாகிவிடுமே என்று பயம். கடவுளே, அம்மையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன புத்தி பாருங்கள்! ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவளால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “இது அம்ம இல்லம்மா, நான் குடுத்த மாத்திர” என்று மாமியார் காலில் விழுந்தேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே ஆள் கூப்பிட்டு, அவளைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்க வைத்தார். நான் பொட்டலத்தோடு பின்னால் ஓடினேன்.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். “இந்த மாத்திர இவங்களுக்கு ஒத்துக்கல. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும். இனிமே இந்த வேல பண்ணாதீங்க” என்றார். அவ்வளவுதான். மேலே எழுதியிருந்த நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோல் உரிந்து, பாதி உடம்பாகி, பல நாள் கழித்து அவள் வீடு திரும்பினாள். பார்க்கப் போனேன். அவள் கோபப்படவில்லை. “இன்னாக்கா, தெரிஞ்சேவா ஒரு நாள் சும்மா இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது யாராவது மாத்திரை கேட்டால், அவர்களோடு போய் ஆஸ்பத்திரி க்யூவில் நிற்கிறேன். அன்று மாத்திரை கொடுத்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தும் பேசாமல் இருந்த அந்த ஒரு நாளுக்கு என்ன பெயர் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.