கதை சாரின் ஒன்லைன்

குத்துப்பட்ட பூசணிக்காயை வேறு யாராவது சமைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் சமைத்திருக்கிறேன். மாரெட்பள்ளியில் சினிமாக் கதை பேசுவதற்கென்றே மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே எனக்குச் சமையல் வேலை. காலையில் உதவி டைரக்டர்கள் இரண்டு பேர் ஒரு பூசணிக்காயைக் கூடத்தில் வைத்து, கத்தியால் ஓங்கி ஓங்கிக் குத்துவார்கள். வயிற்றில் கத்தி இறங்கினால் என்ன சத்தம் வரும், கழுத்தில் இறங்கினால் என்ன சத்தம் வரும் என்று போனில் பதிவு செய்து கேட்பார்கள். குத்தி முடிந்ததும் காய் அடுப்படிக்கு வந்துவிடும். காயம் பட்ட இடங்களை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தில் கூட்டு வைப்பேன். "அம்மா, இன்னைக்குப் பொணம் நல்லா வெந்திருக்கு" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சமையல் வேலைக்குக் கிளம்பியவள். ஆண்கள் இருக்கும் இடத்தில் தலை நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. ஆனால் அந்த அடுப்படிக்குக் கதவு இல்லாததால் எல்லாம் காதில் விழும். யாரை எப்படிக் கொல்லலாம் என்ற பேச்சுக்கு நடுவில்தான் தினமும் வெங்காயம் அரிவேன்.

அங்கே எழுதியவரை எல்லோரும் கதை சார் என்று கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். எத்தனையோ படங்களுக்கு எழுதியும் திரையில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்தப் பேய்ப் படத்துக்காவது பெயர் போடுவதாகத் தெலுங்குக்காரரான புரொடியூசர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் கதையை ஒரே வரியில் சொல்ல வேண்டும். அதை ஒன்லைன் என்பார்கள். புரொடியூசர் ஒரு நாள் மதியம் சாப்பிட வருவார், சாப்பிட்டுக்கொண்டே கேட்பார், பிடிக்காவிட்டால் கை கழுவும்போதே ஆபீசையும் மூடச் சொல்லிவிடுவார்.

பையன்களுக்குக் கதை சார் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பேர் சொல்லாதே, ஆள் யாருன்னு சொல்லு. அவளுக்கு என்ன வேணும், எது குறுக்கே நிக்குது, அதைச் சொல்லு. கேக்கிறவன் 'அப்புறம்?'னு கேட்டா நீ ஜெயிச்சே. 'எத்தனை பேர் சாவாங்க?'ன்னு கேட்டா தோத்தே." சொல்லிக்கொடுத்தாரே தவிர, அவருடைய கதையே ஒரு வரிக்குள் அடங்கவில்லை. ஜமீன் பங்களா, சாபம், கிணற்றில் பெண், அறுந்த தலை என்று வரி நீண்டுகொண்டே போகும். காகிதத்தைக் கசக்கி எறிவார். கூட்டிப் பெருக்குவது நான்.

அப்படி ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் வந்து நின்றாள். நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. மருமகனுக்கு மல்லாபூரில் ஃபேக்டரி வேலை. அடிப்பது புதிதல்ல, அன்று இரும்புக் குழாயை எடுத்துவிட்டான். அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், என் பேத்தியைத் தூக்கி வராந்தாச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டபடி நிற்கிறான். கீழே சிமெண்டுத் தரை. "நீயா தொறக்கிறியா, இவளை விடட்டுமா?" என்றான். குழந்தை அழக்கூட இல்லை.

என் மகள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். குழந்தையை உள்ளே இழுத்து இடுக்கிக்கொண்டு, மறு கையால் அவளுடைய முடியைப் பிடித்து நிலையில் மோதினான். இரண்டாவது முறை மோதும்போது பல் உடைந்தது. அவளோ குழந்தையின் காலைப் பிடித்தவள் விடவே இல்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி நழுவியதும் குழந்தையை என் பக்கம் தள்ளிவிட்டு, முழு உடம்பையும் போட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் விரல்கள் கதவுக்கு நடுவில் இருந்தன. எலும்பு நொறுங்கிய அந்தச் சத்தம் எந்தப் பூசணிக்காயிலும் வந்ததில்லை. "அம்மா, பாப்பாவ உள்ள கூட்டினு போ" என்றாள். வாயெல்லாம் ரத்தம். கதை சார் பேனாவும் கையுமாக உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோன பிறகு சில நாட்கள் கதை சார் எதுவும் எழுதவில்லை. மகளையும் பேத்தியையும் நான் என்னோடு வைத்துக்கொண்டேன். மகள் எனக்கு ஒத்தாசையாக வேலைக்கு வந்தாள். ஒரு நாள் கதை சார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எழுதி எழுதியே எத்தனையோ பேரைக் கொன்னவன்மா நான். அன்னைக்கு எழுந்திருக்கக்கூட முடியலே" என்றார். பிறகு என் மகளிடம் கேட்டார். "குழந்தையைக் காப்பாத்த, கொல்ல வர்றவனுக்கே கதவைத் தொறக்கிறா ஒருத்தி. இதை எழுதட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

"பேய் யாரு சார் இதுல?"

"செத்தப்புறம் அவதான். வந்து பழி வாங்குவா."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். "நக்கோ சார், வேணாம். கைக்கு, எதுக்கு நான் சாவணும்? செத்தாதான் திருப்பி அடிக்கலாம்னா, உசுரோட இருக்கிறவ எல்லாம் எப்ப அடிக்கிறது?"

அவர் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினார். "சரி, நீ சாகமாட்டே. சத்தியம்" என்றார். "அப்ப செத்தவன் அவன். போன வருஷம் அவளே மண்ணள்ளிப் போட்டுப் புதைச்ச புருஷன், குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு வெளியே நின்னு கதவைத் தட்டறான். தொறந்தாத்தான் குழந்தை."

"ஹவ், ஆமா" என்று என் மகள் சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது. "அவன் சாவட்டும். எனக்கு நல்லா இருக்கு."

புரொடியூசர் வந்தார். பருப்பில் பப்பும் கோங்கூராக் கீரையும் செய்து, கூடவே எங்கள் சாம்பாரும் வைத்திருந்தேன். இரண்டாவது முறை சோறு போடும்போது கதை சார் அந்த ஒரு வரியைச் சொன்னார். புரொடியூசரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "தலுப்பு தீசிந்தா?" என்றார். கதவைத் திறந்தாளா என்று கேட்கிறார். சாம்பார் வாளியோடு நின்ற என் மகள்தான் தெலுங்கிலேயே சொன்னாள்: "தீசானு." திறந்தேன் என்று.

புரொடியூசர் அவள் நெற்றித் தையலைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, "வரி பாக உந்தி, நல்லா இருக்கு சார். ஆனா ஆம்பளப் பேயை எவன் பாப்பான்? பொம்பள சாவணும், வெள்ளைச் சீலையில வரணும். மாத்தினா நாளைக்கே பூஜை" என்றார்.

கதை சார் இலையைப் பார்த்துக்கொண்டே, "அவ சாகமாட்டா சார்" என்றார். குரல் மிகவும் மெதுவாக வந்தது. புரொடியூசர் மோருக்குக் காத்திருக்காமல் எழுந்தார்.

அந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்தார்கள். கதை சார் சென்னைக்குப் போனார், பிறகு தகவல் இல்லை. டிவியில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவர் பெயர் வந்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "ஒருத்தியையாவது சாகாம வச்சேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அல்வாலில் இருக்கிறோம். மருமகன் ஜெயிலை விட்டு வெளியே வந்துவிட்டான், எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நேற்று பூசணிக்காயில் கத்தியை இறக்கியபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பேத்தி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எவரு?" என்றாள். பதில் வரவில்லை. என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

பிறகு திரும்பிப் பார்த்து, "கத்திய கீழ வைம்மா. சிலிண்டர்காரரு பயந்துக்கப் போறாரு" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். பூசணிக்காய் அடுப்படியில் கிடந்தது. நான் எழுந்து வந்து, கத்தியோடு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.